குறுக்கெழுத்துக் குழுவுக்கு கூகுள் ஷீட்ஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

நாலு ஊரில் இருக்கும் நாலு பேர் ஒரே கிரிப்டிக் குறுக்கெழுத்தை, அதாவது விடையைச் சொல் விளையாட்டுக்குள் ஒளித்துக் குறிப்பு தரும் புதிரை, சேர்ந்து தீர்க்க வேண்டும் என்றால் சுலபமான வழி என்று ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கட்டத்தைப் படம் எடுத்துப் போட்டு முடிப்பதற்குள் இன்னும் இரண்டு விடை வந்துவிடும், படம் பழசாகிவிடும். கூகுள் மீட்டில் திரையைப் பகிர்ந்தால் தட்டச்சு செய்யும் ஆள் ஒருவர்தான். மற்றவர்கள் "பதினேழு நெடுக்கு, மூணாவது கட்டம், இல்ல, அதுக்கு மேல" என்று வழி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பத்திரிகைகளின் இணையப் பக்கக் கட்டங்கள் பெரும்பாலும் ஒற்றை ஆள் உட்கார்ந்து நிரப்புவதற்கென்று செய்தவை. மிச்சம் இருப்பது, கணக்கு எழுதுவதற்காக எல்லோரும் வைத்திருக்கும் கூகுள் ஷீட்ஸ்.

அது இந்த வேலைக்குத் தேறுமா? தேறும். காசு கிடையாது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம், ஒருவர் போட்ட எழுத்து மற்றவர் திரையில் அந்தக் கணமே தெரியும். ஆனால் முதல் தடவை கட்டம் அமைக்க அரை மணி நேரமாவது ஆகும். தமிழ் எழுத்தை எழுத்தாக எண்ண அதற்குத் தெரியாது. கைபேசியில் பாதி சுகம் போய்விடும். இந்த மூன்றையும் சமாளிக்கத் தெரிந்த மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு இதைவிட வசதியான இலவசக் கருவி கிடைப்பது கடினம். ஒரே தாளை 100 பேர் வரை ஒரே நேரத்தில் திருத்தலாம் என்று கூகுள் சொல்கிறது. குறுக்கெழுத்துக்கு ஆறாவது ஆள் வந்தாலே சத்தம்தான் கூடும்.

கட்டம் அமைப்பதில் தொடங்கலாம். 11×11 கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தாளில் நெடுவரிசையின் அகலம் 100 பிக்சல், கிடைவரிசையின் உயரம் 21 பிக்சல். 11 நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து 46 பிக்சலாகக் குறுக்குங்கள், வரிசைகளையும் 46க்கு உயர்த்துங்கள். ஆங்கிலத்துக்கு 30 போதும். தமிழில் 'னோ', 'ணௌ' போன்றவை பக்கவாட்டில் நீள்வதால் 40க்குக் கீழே போனால் 14 புள்ளி அளவில் எழுத்து வெட்டுப்படும், அல்லது பக்கத்துக் கட்டத்துக்குள் வழியும். எழுத்துருப் பட்டியலில் தமிழ் என்று வடிகட்டினால் ஹிந்த் மதுரை, முக்த மலர், கேட்டமரன், பவனம் எல்லாம் வரும். ஹிந்த் மதுரை குறுகலானது, கட்டத்துக்குப் பொருந்துகிறது. நடுவில் நிறுத்த கிடைவாட்டு, செங்குத்து இரண்டு சீரமைப்பையும் தொட வேண்டும். கிடைவாட்டை மட்டும் மாற்றினால் எழுத்து கட்டத்தின் அடியில் போய் உட்கார்ந்திருக்கும்.

குறிப்பு எண்ணை கட்டத்தின் மூலையில் எப்படிப் போடுவது? இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் நிற்கும், மூலையில் குட்டி எண் போட ஷீட்ஸில் வழி இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வரிசை ஒதுக்கி, மேல் வரிசையில் எண், கீழ் வரிசையில் எழுத்து என்று சிலர் செய்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். நெடுக்கு விடை எழுதும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு முறை கீழே இறங்க வேண்டும், பத்து நிமிடத்தில் யாராவது எண் மேல் எழுத்தைப் போட்டுவிடுவார்கள்.

இதற்கு நல்ல வழி தனிப்பயன் எண் வடிவம். எண் தொடங்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வடிவமைப்புப் பட்டியலில் எண், தனிப்பயன் எண் வடிவம் என்று போய், இரட்டை மேற்கோளுக்குள் மேல்குறி எண்ணையும் அதை ஒட்டி @ குறியையும் இடுங்கள்: "¹"@ என்பது போல. இனி அந்தக் கட்டத்தில் 'கு' என்று அடித்தால் '¹கு' என்று தெரியும். ஆனால் கட்டத்தின் மதிப்பு வெறும் 'கு'தான், எண் அதில் சேராது.

ஒரு சிக்கல்: கட்டம் காலியாக இருந்தால் எண்ணும் தெரியாது. அதனால் எல்லா வெள்ளைக் கட்டங்களிலும் முதலிலேயே ஓர் அடிக்கோடு (_) நிரப்பி வைக்க வேண்டும். யாராவது டெலிட் விசையைத் தட்டினால் அடிக்கோட்டோடு எண்ணும் மறைந்து போகும், கட்டமே அழிந்துவிட்டதாகப் பதறுவார்கள். விடையை நீக்க டெலிட் வேண்டாம், அடிக்கோட்டை மறுபடி அடியுங்கள் என்று தாளின் உச்சியில் எழுதி வைப்பது நல்லது. 11×11 கட்டத்தில் இருபதுக்கு மேல் எண் வரலாம், ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் அமைக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் போவது இதில்தான்.

அடிக்கோட்டால் இன்னொரு லாபம் உண்டு. குறிப்புகளை வலப்பக்கம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஜாயின் (JOIN) செயல்பாட்டால் அந்த விடைக்குரிய கட்டங்களைக் கோத்து விடுங்கள். '_ தி _' என்று நடப்பு நிலை குறிப்புக்கு அருகிலேயே தானாக மாறிக்கொண்டிருக்கும். கட்டத்துக்கும் குறிப்புக்கும் மாறி மாறிக் கண்ணை ஓட்டும் வேலை குறைகிறது. காகிதத்தில் கிடைக்காத வசதி இது. ஷீட்ஸுக்கு இந்த மதிப்பீட்டில் விழும் பெரிய மதிப்பெண்ணும் இதற்காகத்தான்.

குறிப்புகளைப் பதியும் பகுதியை முன்கூட்டியே 'வெற்று உரை' வடிவத்துக்கு மாற்றி விடுங்கள். இல்லாவிட்டால் 3-4 என்று எழுத்து எண்ணிக்கையைத் தனிக் கட்டத்தில் போட்டதும் அது ஒரு தேதியாக மாறி நிற்கும். கருவிகள் பட்டியலில் தானியங்கி நிறைவையும் நிறுத்தி விடுங்கள். மேலே ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து இதுவும் அதுதானே என்று நீட்டும் அந்தப் பழக்கம் கணக்குப் புத்தகத்துக்குச் சரி, இங்கே தொல்லை. கடைசியாக, குறிப்புகளையும் கறுப்புக் கட்டங்களையும் பாதுகாக்கப்பட்ட வரம்பாக ஆக்குங்கள். அவசரத்தில் தட்டும் விரல் குறிப்பின் மேல் விழுந்தால் விடை தேடுவதை விட்டுவிட்டுக் குறிப்பைத் தேட வேண்டியிருக்கும்.

தட்டச்சில் ஷீட்ஸ் எதிர்பாராத அளவுக்கு வாகாக இருக்கிறது. டேப் வலப்பக்கம் நகர்த்தும், என்டர் கீழே இறக்கும். ஆக இடமிருந்து வலத்துக்கு டேப், மேலிருந்து கீழுக்கு என்டர். நம் வார இதழ்ப் புதிர்களில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் விடைகள் ஓடும் அல்லவா? அதற்கு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டேப், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு என்டர். டேப் தட்டிப் போய்க்கொண்டிருந்துவிட்டு நடுவில் என்டர் தட்டினால் மட்டும், டேப் தொடங்கிய நெடுவரிசைக்கே குறி திரும்பிவிடும். குறுக்கு விடையை முடித்த கையோடு அதன் கடைசி எழுத்திலிருந்து நெடுக்காக இறங்க நினைப்பவர்கள் அம்பு விசையைப் பயன்படுத்த வேண்டும்.

ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் அடிப்பவர்களுக்கு இங்கே எரிச்சல்தான் மிஞ்சும். சொல்லைத் தேர்வு செய்ய ஒரு தட்டு, கட்டத்தை விட்டு நகர இன்னொரு தட்டு. இடைவெளி விசையால் தேர்வு செய்தால் எழுத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்தச் சூத்திரமும் ஒழுங்காக ஓடாது. தமிழ்99 விசைப்பலகைதான் இந்த வேலைக்கு ஏற்றது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதால் அதிகபட்சம் இரண்டு தட்டு. தனி மெய்யெழுத்துக்கு எழுத்தை அடித்து எஃப் விசையால் புள்ளி வைக்க வேண்டும். இரட்டித்தால் தானாகப் புள்ளி விழும் வசதி, எழுத்துகள் தனித்தனிக் கட்டத்தில் இருப்பதால் இங்கே உதவாது.

இனி, பெரிய குறை. ஷீட்ஸுக்கு 'குதிரை' மூன்றெழுத்துச் சொல் இல்லை. நீளத்தை எண்ணும் லென் (LEN) செயல்பாட்டில் போட்டுப் பார்த்தால் 6 என்று வரும். க, உகரக் குறி, த, இகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று யூனிகோடு வைத்திருக்கும் துண்டுகளை அது எண்ணுகிறது. 'படம்' 4, 'கவிதை' 5. சொற்பட்டியல் வைத்துக்கொண்டு எழுத்து எண்ணிக்கையால் வடிகட்ட நினைப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். மாற்று வழி: ரெஜெக்ஸ்ரீப்ளேஸ் (REGEXREPLACE) செயல்பாட்டில் 11 உயிர்க்குறிகளையும் புள்ளியையும், ஆக 12 குறிகளையும், சதுர அடைப்புக்குள் கொடுத்து வெற்றாக்கிவிட்டு, மிச்சத்துக்கு லென் போடுங்கள். குதிரை 3, படம் 3 என்று சரியாக வரும். 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் மட்டும் 2 என்று எண்ணப்படும். அவை ஒரு கட்டமா இரண்டு கட்டமா என்பதில் புதிர் அமைப்பவர்களுக்குள்ளேயே ஒருமித்த வழக்கம் இல்லாததால், கணினியை மட்டும் குறை சொல்ல முடியாது.

இதே கோளாறின் இன்னொரு முகம்: 'கொ' என்பதை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் அடிக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் இரண்டாவது வகை வரும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், எக்ஸாக்ட் செயல்பாடு இரண்டும் வேறு என்று அடித்துச் சொல்லும். விடைத்தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் சூத்திரம் போட்டிருந்தால், சரியான விடையும் சிவப்பாக நிற்பது இதனால்தான். 'ஔ' எழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்தை அடிப்பவர்களும் உண்டு. ஔவை இரண்டு கட்டமா மூன்று கட்டமா என்ற சண்டை அங்கே ஆரம்பிக்கும்.

கட்டத்துக்குள் போய்த் திருத்துவதையும் தவிருங்கள். 'பா' இருக்கும் கட்டத்தை இருமுறை சொடுக்கி பேக்ஸ்பேஸ் தட்டினால் கால் மட்டும் போய் 'ப' நிற்கும். அதுவும் ஓர் எழுத்துதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கட்டத்தைத் தேர்ந்தெடுத்து நேரடியாக மேலே அடித்தால் பழையது முழுதாகப் போய்விடும்.

கருவி இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஐந்து பேர் முட்டி மோதாமல் வேலை செய்ய ஒரு நெடுவரிசை கூடுதலாக வேண்டும். தலைப்பு: 'ஏன்'. நல்ல கிரிப்டிக் குறிப்பில் ஒரு பக்கம் நேர்ப்பொருள் இருக்கும், மறு பக்கம் சொல்லைக் கட்டும் வித்தை இருக்கும், வேறு எதுவும் இருக்காது. சிமேனிஸ் என்ற புனைபெயரில் ஆங்கிலப் புதிர் அமைத்த டி. எஸ். மக்நட் வலியுறுத்திய நியாயம் இது, தமிழுக்கும் பொருந்தும். விடையைப் போடுபவர் 'ஏன்' நெடுவரிசையில் இரண்டையும் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் விடை போடலாம், ஆனால் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் அடித்துவிட்டுப் போட வேண்டும்.

இது எதற்கு என்று கேட்பவர்களுக்காக, ஒரு குறிப்பு: "விலக்கு திரையை, உள்ளே ஒரு பரி (3)". பரி என்றால் குதிரை, புரவி, இவுளி. மூன்றும் மூன்றெழுத்து. வேகமான ஆள் 'புரவி' என்று நிரப்பிவிட்டுப் போய்விடுவார். அதை வெட்டிச் செல்லும் நெடுக்கு விடைகள் அத்தோடு அடைபட்டுப் போகும். அந்தக் குறிப்புகளோடு மல்லுக்கட்டும் மற்றவர்களுக்குத் தவறு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. 'ஏன்' கட்டத்தில் அவர் என்ன எழுதியிருக்க முடியும்? 'விலக்கு திரையை' என்பதற்குள் புரவி எங்கும் இல்லை. 'விலக்கு' என்பதன் கடைசி 'கு', அடுத்து 'தி', 'ரை'. உள்ளே நிற்பது குதிரை.

"கம்பன் தலையோடு வித்து சேர்ந்தால் பாட்டு (3)" என்பதிலும் இதே ஆபத்து உண்டு. 'பாடல்' மூன்றெழுத்துதான். ஆனால் கம்பனின் தலை 'க', வித்து என்றால் 'விதை', ஆகக் கவிதை.

எல்லாக் குறிப்பும் இப்படிச் சண்டை மூட்டுவதில்லை. "கல்லுக்குள் குடத்தின் நடுப்பகுதி, அலை ஓயாத இடம் (3)" என்றால் 'கல்' நடுவில் குடத்தின் 'ட' புகுந்து கடல். "கால் ஒடிந்த பாடம் சுவரில் தொங்கும் (3)" என்றால் பாடத்தில் துணைக்காலை நீக்கிப் படம். இந்தக் கால், கொம்பு, புள்ளி விளையாட்டு தமிழ்ப் புதிருக்கே உரியது, ஆங்கிலக்காரர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. இவற்றுக்கு 'ஏன்' நெடுவரிசையில் நாலு சொல் போதும். இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் உண்டா என்று தகராறு வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் இலவசமாகப் புரட்டலாம். அதன் சுட்டியைத் தாளின் மேல் வரிசையில் வைத்திருங்கள்.

எழுத்துகளை இடம் மாற்றி விடை காணும் எழுத்துக் கலைப்புக்கு இரண்டாவது தாள் ஒன்றை ஒதுக்குங்கள். "விதமா ஆடிக் கோவலனைக் கவர்ந்தவள் (3)" மாதிரிக் குறிப்புக்குத் தாள் தேவையில்லை. 'விதமா' என்பதைத் திருப்பிப் போட்டாலே மாதவி வந்துவிடுவாள். ஆறு, ஏழு எழுத்து என்றால்தான் தேவைப்படும், ஏழு எழுத்தை 5,040 விதமாக அடுக்கலாம். எழுத்துக்கு ஒரு கட்டமாகச் செங்குத்தாக எழுதிக்கொண்டு, தேர்ந்தெடுத்து, தரவுப் பட்டியலில் உள்ள வரம்பைக் கலைக்கும் கட்டளையைக் கொடுத்தால் எழுத்துகள் இடம் மாறும். அது வரிசைகளைத்தான் கலைக்கும், படுக்கையாக எழுதியிருந்தால் ஒன்றும் நடக்காது. தற்செயலாக ஓர் எண்ணைத் தரும் ரேண்ட் (RAND) செயல்பாட்டை வைத்துக் கலைக்கப் பார்க்காதீர்கள். தாளில் யார் எதைத் திருத்தினாலும் ரேண்ட் மறுபடி ஓடும். நீங்கள் ஏதோ ஒரு சொல் உருவாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறொருவர் எங்கோ ஒரு 'ம்' போடுவார், உங்கள் எழுத்துகள் சிதறிவிடும்.

பலர் சேர்ந்து வேலை செய்யும்போது ஷீட்ஸ் பெரும்பாலும் நாகரிகமாகவே நடந்துகொள்கிறது. செய்ததை நீக்கும் கட்டளை உங்கள் திருத்தத்தை மட்டும் நீக்கும், அடுத்தவர் போட்டதைத் தொடாது. எந்தக் கட்டத்திலும் வலச்சொடுக்கி அதன் திருத்த வரலாற்றைப் பார்க்கலாம், 'இந்த ரை யார் போட்டது' என்ற விசாரணை அரை நிமிடத்தில் முடியும். ஆனால் சுட்டி உள்ள எவரும் திருத்தலாம் என்று திறந்துவிட்டால் வருபவர்கள் பெயர் தெரியாத விலங்குகளாகத்தான் தெரிவார்கள், வரலாற்றிலும் பெயர் இருக்காது. ஒவ்வொருவரையும் மின்னஞ்சல் முகவரி கொடுத்துத் தனித்தனியாகச் சேர்த்தால் இந்தக் குழப்பம் இல்லை. ஒருவர் கட்டத்துக்குள் அடித்துக்கொண்டிருப்பது அவர் என்டர் அல்லது டேப் தட்டும் வரை மற்றவர்களுக்குத் தெரியாது. இரண்டு பேர் ஒரே கட்டத்தில் இறங்கினால் கடைசியாகத் தட்டியவர் எழுத்துதான் நிற்கும். அதனால் பக்கத்தில் ஒரு குரல் அழைப்பு ஓடிக்கொண்டிருப்பது நல்லது. விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்க விரும்புகிறவர்கள் பாதுகாத்து வைத்த குறிப்புக் கட்டத்தில் அல்லாமல் அதன் 'ஏன்' கட்டத்தில் 'நோட்' போடலாம், வேண்டியவர் மட்டும் மவுஸை மேலே கொண்டுபோய்ப் படிப்பார். 'கமென்ட்' வேண்டாம், அது மின்னஞ்சலில் துரத்தி வரும்.

கைபேசிச் செயலியில் இருமுறை தட்டினால்தான் கட்டம் திறக்கும், விசைப்பலகை பாதித் திரையை விழுங்கும், 11 நெடுவரிசையும் குறிப்புகளும் ஒன்றாகக் கண்ணில் படாது. எண் வடிவங்களை அமைக்கும் வேலையைக் கணினியிலேயே முடித்துவிடுங்கள். கைபேசியில் இருப்பவர் குறிப்பைப் படித்து வாயால் விடை சொல்லும் ஆளாக இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

ஆங்கிலப் புதிருக்கு இதே தாள் இன்னும் இலகுவாக ஓடும். தி இந்து நாளிதழின் 15×15 கிரிப்டிக் கட்டத்துக்கு 30 பிக்சல் நெடுவரிசை போதும், லென் சொல்லும் எண்ணை அப்படியே நம்பலாம், விசைப்பலகைத் தகராறு கிடையாது. ஆங்கிலத்துக்கு ஐந்தில் நாலரை, தமிழுக்கு மூன்றரை. அந்த ஒரு மதிப்பெண்ணைத் தின்றது உயிர்க்குறிகள்.

மாதிரித் தாள் ஒன்றை அளவுகளோடும் எழுத்துருவோடும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புதிருக்கும் நகலெடுக்கலாம். கறுப்புக் கட்டங்கள் புதிருக்குப் புதிர் மாறுவதால் எண் வடிவங்களையும் ஜாயின் சூத்திரங்களையும் திரும்பப் போட்டாக வேண்டும். ஒரே அமைப்பாளர் அதே கட்டத்தை மறுபடி பயன்படுத்தினால் அந்த வேலை மிச்சம். பத்திரிகைப் புதிரை முழுதாகத் தட்டி ஏற்றிய தாளை எல்லோருக்கும் திறந்த சுட்டியாக வெளியில் விட வேண்டாம், அது அவர்கள் சரக்கு. பரிசுப் புதிர் என்றால் அனுப்பக் கடைசித் தேதி முடியும் வரை தாள் குழுவை விட்டு வெளியே போகக் கூடாது.